பதினேழு வீடுகளுக்கு நான் சொன்ன பொய்கள்

என் மனைவிக்கு வெளிச்சம் ஆகாது, கண் கூசும் என்று ஒருவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அது பொய். சொன்னபோது எனக்கு வயது எழுபத்திரண்டு. விவரம் தெரியாத வயதில் சொன்னது என்று சமாளிக்க வழியில்லை. ஒரு வீட்டைத் தட்டிக்கழிப்பதற்காகச் சொன்னேன். அந்த வீடு போய்விட்டது. பொய் மட்டும் எங்களோடு கூடவே வந்து குடியேறிவிட்டது.

அப்போது நாங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் இருந்தோம். லிஃப்ட் கிடையாது. முப்பத்தெட்டுப் படிகள். குடிவந்த புதிதில் என் மனைவி அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவள். முழங்கால் தேய்ந்த பிறகு ஒவ்வொரு படியோடும் அவள் வழக்காட வேண்டியிருந்தது. சர்க்கரை இருந்ததால் அறுவை சிகிச்சைக்கு டாக்டர் தயங்கினார். படி ஏறாதீர்கள், இறங்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவள் அப்படியே மாடியில் தங்கிவிட்டாள். காய்கறி வண்டி வந்தால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். பேரம் முழுவதும் மேலுக்கும் கீழுக்குமாக உரத்த குரலில் நடக்கும். தெருவோடு அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் கயிறு ஒன்றுதான்.

ஆனேக்கல் பக்கம் வெகு காலத்துக்கு முன்பு வாங்கிப் போட்டிருந்த ஒரு காலி மனையை விற்றோம். அந்தப் பணத்தில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம்.

"பெருசா ஒண்ணும் வேணாங்க," என்றாள். "வாசல்ல எறங்கினா தெரு இருக்கணும். சமையக்கட்டுல காலைல வெயில் விழணும். அவ்வளவுதான்."

வீடு பார்க்கும் முறையை வகுத்தவன் நான். ஒவ்வொரு வீட்டுக்கும் அவளைப் படியிறக்கிக் கூட்டிப் போக முடியாது. நான் முதலில் போய்ப் பார்ப்பேன்; வடிகட்டி, தேறியதை மட்டும் அவளுக்குக் காட்டுவேன். நல்ல ஏற்பாடு என்றுதான் அவளும் நினைத்தாள். மாநில அரசில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான் என்பதை அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மளிகைக் கடைக்காரர் ஒரு புரோக்கரம்மாவின் நம்பரைக் கொடுத்தார். லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு ஸ்கூட்டி, இரண்டு போன், ஒரு பெரிய சாவிக்கொத்து. சாவிகளில் கலர் கலராக ரிப்பன் கட்டியிருப்பார். பச்சை என்றால் காலி வீடு, சிவப்பு என்றால் ஆள் இருக்கும் வீடு, மஞ்சள் என்றால் ஓனர் மனசு மாறிக்கொண்டே இருக்கும் வீடு. எதற்கு இரண்டு போன் என்று கேட்டேன்.

"ஒண்ணு விக்கிறவங்களுக்கு, ஒண்ணு வாங்குறவங்களுக்கு சார். ரெண்டும் ஒண்ணா அடிச்சுதுன்னா, அன்னைக்கு எனக்குக் கிறிஸ்துமஸ்!"

முதல் நாள், நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் ஆட்டோவில் வருகிறேன் என்றேன்.

"ஆட்டோக்காரன் உங்களையும் ஏமாத்துவான், என்னையும் லேட் பண்ணுவான். ஏறுங்க சார்," என்று சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். பிங்க் நிறம். அதில் வெள்ளைப் பூக்கள் வேறு. கல்லூரிக்குப் போகும் அவருடைய மகளுடையதாம். நான் அதை மாட்டிக்கொண்டு, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஹென்னூர் ரோட்டின் நெரிசலில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். வீட்டில், ஆட்டோவில் போய் வந்தேன் என்று சொன்னேன். முதல் பொய் அதுதான். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். பொய் சொல்லும் வாய்க்கு அது நல்ல பயிற்சியாக இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மாவின் தொழில் முறை பார்க்கவே அழகாக இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டருகில் என்னை நிறுத்தி, "ரெண்டு நிமிஷம் சார்," என்று உள்ளே போவார். எல்லா ஜன்னலும் திறக்கும் சத்தம் கேட்கும். விளக்குகள் எரியும். அதற்குப் பிறகுதான் எனக்கு அனுமதி. மேற்குப் பார்த்த வீட்டை மதியத்துக்கு மேல் காட்டவே மாட்டார். ஓனர்களிடம் போனில், இதோ வந்துவிட்டேன், ஐந்தே நிமிடம் என்று கன்னடத்தில், "பந்தே சார், ஐது நிமிஷ," என்பார். அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரம் நீளும். உள்ளே போனதும் முதலில் பாத்ரூமைத்தான் பார்க்கச் சொல்வார். "ஹால்ல பொய் சொல்லலாம் சார். பாத்ரூம் பொய் சொல்லாது."

நானோ ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேலாகப் பேப்பரையும் மனைவியின் சர்க்கரை அளவையும் தவிர வேறெதையும் படிக்காதவன். திடீரென்று காலையில் ஒருவர் போன் செய்து, "சார், ரெடியா?" என்று கேட்கிறார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டுகிறேன். யார் யார் வீட்டுக்குள்ளோ நுழைகிறேன். ஒரு வீட்டில் கிளி ஒன்று என்னைப் பார்த்து, "யாரு? யாரு?" என்று கன்னடத்தில் அதட்டியது. இன்னொரு வீட்டில், விற்க வேண்டும் என்று கணவர் ஹாலில் சொன்னார். விற்காமல் எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனைவி அடுக்களையில் புரோக்கரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வேறோர் இடத்தில் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பிசிபேளாபாத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். பார்த்து முடித்ததும் நானும் அந்த அம்மாவும் ஏதாவது ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டு ஒரு காபியைப் பை-டூ வாங்கி ஆளுக்குப் பாதி குடிப்போம். அப்போது அவர் சொல்லும் கதைகளுக்காகவே இன்னும் பத்து வீடு பார்க்கலாம் போலிருக்கும்.

இன்னும் பத்து வீடு பார்க்கலாம். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

முதல் இரண்டு வீடுகள் உண்மையிலேயே மோசம். ஆனால் அதை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குக் கூச்சம். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேம்மா," என்றேன். மறுநாள், "வீட்ல அவங்களுக்குப் பிடிக்கலை," என்றேன். நம் ஊர் ஆண்கள் காலங்காலமாக ஒளிந்துகொள்ளும் இடம் இது. மனைவி கேட்டபோது, புரோக்கர் காட்டிய வீட்டின் கத்தா சரியில்லை என்றேன். பெங்களூரில் வீடு மாநகராட்சிப் பதிவேட்டில் ஏறியிருப்பதைக் கத்தா என்பார்கள். ஏ கத்தா என்றால் எல்லாம் ஒழுங்கு. பி கத்தா என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று பொருள். பி கத்தா என்ற சொல்லைக் கேட்டாலே என் மனைவி மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டாள்.

இரண்டு பொய்யும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டன. இந்தப் பக்கம் ஒரு பெண்மணி, அந்தப் பக்கம் ஒரு பெண்மணி; இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நடுவில் நான். நல்ல வீடோ கெட்ட வீடோ, எதுவும் என்னைத் தாண்டிப் போகவில்லை. மூன்று மாதத்தில் பதிமூன்று வீடுகளைத் திருப்பி அனுப்பினேன். என் மனைவி, "பாவம், எவ்வளவு அலையறீங்க," என்று எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அந்த வெந்நீரில் நான் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினான்காவது வீடு லிங்கராஜபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவருடைய வீடு. வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் உள்ளங்கை உயரம். அன்றைக்குப் புரோக்கரம்மா என்னை வெளியே நிறுத்தவில்லை. "இதுக்கு ரெண்டு நிமிஷம் தேவையில்ல சார், வாங்க," என்றார். அடுக்களை கிழக்குப் பார்த்தது. மேடைக்கு மேலே அகலமான ஜன்னல். காலை ஒன்பது மணி வெயில் மேடையின் மேல் முழு நீளத்துக்கும் விழுந்து கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு. காய்கறி வண்டி நின்றால் கூடையும் கயிறும் வேண்டாம், கையை நீட்டினால் போதும்.

அது அவளுடைய வீடு. நான் பார்த்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தர்ஷினியில் புரோக்கரம்மா அன்று பை-டூ சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு முழுக் காபி சொன்னார். "அம்மாவைக் கூட்டினு வந்து காட்டிடுங்க சார். டோக்கன் அட்வான்ஸ் குடுத்துடலாம். இதோட நம்ம ஊர் சுத்துறது முடிஞ்சுது!"

முடிந்தது என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய் விழுந்தது. நாளையிலிருந்து காலையில் போன் வராது. இஸ்திரிச் சட்டை வேண்டாம். கிளி இல்லை, கதை இல்லை. இன்னும் ஒன்றிரண்டு வீடு பார்த்துவிட்டு இதற்கே திரும்பி வந்தால் என்ன? எங்கே போய்விடப்போகிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். வீட்டுக்குப் போய், "பி கத்தா," என்றேன். மறுநாள் போனில் என்ன குறை சொல்வது என்று தெரியாமல் திணறியபோதுதான் வாயில் அது வந்தது.

"அடுக்களைல வெளிச்சம் ரொம்ப அதிகம்னு நினைக்கறாங்கம்மா. அவங்களுக்கு வெளிச்சம் ஆகாது. கண்ணு கூசும்."

மறுமுனையில், "அப்டியா சார்," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று வீடுகள் காட்டினார். மூன்றும் குகை மாதிரி இருந்தன. நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை, போன்கூடச் செய்யாமல் புரோக்கரம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முப்பத்தெட்டுப் படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். என் மனைவி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். நான் காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் ஓடினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கதவோரம் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒரு வார்த்தை நேர்ல கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன். பதினேழு வீடு காட்டியாச்சு. அதுல ஒண்ணு கூடவா உங்களுக்குப் புடிக்கல?"

"எனக்கா?"

"ஆமாம்மா. ஒவ்வொண்ணுக்கும் அம்மாவுக்குப் புடிக்கல, அம்மாவுக்குப் புடிக்கலன்னு சார் சொல்றாரு."

"நான் எங்கம்மா பாத்தேன்? இந்தப் படி எறங்கியே நாலு மாசம் ஆகுது. நீதான் பி கத்தா வீடா தேடித் தேடிக் காட்டுறியாமே?"

"யாரு, நானா? ஐயோ, பி கத்தாவை நான் தொடவே மாட்டேம்மா! ஏரியால யாரை வேணா கேட்டுப் பாருங்க. கர்த்தர் மேல சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேணாம், இரு."

"அந்த நர்ஸம்மா வீடு. ஏ கத்தா. எவ்ளோ நல்ல வீடு! உங்களுக்கு வெளிச்சம் ஆகாதுன்னுதானே வேணாம்னீங்க?"

"எனக்கு என்ன ஆகாது?"

"வெளிச்சம்மா. கண்ணு கூசுமாமே."

எனக்குப் பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

"அங்க பால் பொங்குது பாருங்க," என்றாள் என் மனைவி. "அதை அணைச்சுட்டு இங்க வாங்க."

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். போன் வருவது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும், கிளியையும், காபியையும் சொன்னேன். பிங்க் ஹெல்மெட்டை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். புரோக்கரம்மா அதையும் சேர்த்துவிட்டார். இரண்டு பேரும் என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த நர்ஸம்மா வீடு இன்னும் இருக்கா?"

புரோக்கரம்மா விற்கிறவர்களுடைய போனை எடுத்துக் கன்னடத்தில் பேசினார். பேசி முடித்துப் போனை மெதுவாகக் கைப்பைக்குள் வைத்தார். "நேத்து வேற ஒருத்தர்கிட்ட டோக்கன் வாங்கிட்டாங்களாம்மா."

என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பூப்போட்ட ஹெல்மெட்டா?" என்றாள். புரோக்கரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். "போட்டோ இருக்கா?" என்றாள். இருந்தது. வாங்குகிறவர்களுடைய போனில் இருந்தது. அதைப் பார்த்து இருவரும் சிரித்த சிரிப்பு கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பில் நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவள் இழந்த நாலு மாதத்தைக் கோப்பில் எழுதித் திருப்பி வாங்க முடியாது.

"இனிமே நானே பாத்துக்கறேன்," என்றாள். "நீ சொல்லும்மா, எப்போ போலாம்?"

திங்கட்கிழமை அவள் படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்தாள். புரோக்கரம்மா அவளுக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே, "வாங்க, வாங்க, இன்னும் பத்துதான்," என்று பொய் சொல்லிக்கொண்டு வந்தார். அது நல்ல பொய். நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். படி திரும்பும் இடங்களில் நாற்காலியைப் போடுவது என் வேலை. கீழே வந்ததும் காய்கறிக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அம்மா, நீங்க இவ்ளோ உயரந்தானா?" என்றார். அவளை அவர் மேலே பார்த்தே பழகியவர்.

இரண்டு நாளில் நான்கு வீடு பார்த்தார்கள். "நீங்க வெளியவே நில்லுங்க," என்று என் மனைவி சொல்லிவிட்டாள். கேட்டருகில் நிற்பது எனக்குப் பழக்கமானதுதான். நான்காவது வீடும் லிங்கராஜபுரத்தில், நர்ஸம்மாவின் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. தரைத்தளம். வாசலில் இறங்கினால் தெரு. எதிரே பஸ் ஸ்டாப், அதில் எப்போதும் ஆட்கள், பேச்சு. உள்ளே போன கால் மணி நேரத்தில் இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். "முடிச்சுடலாங்க," என்றாள்.

நான் மட்டும் ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஹால் நன்றாக இருந்தது. பாத்ரூம் பொய் சொல்லவில்லை. ஆனால் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் ஒரு முழத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். பகல் பதினொரு மணிக்கே உள்ளே இருட்டு. வெளியே வந்து சொன்னேன். "அடுக்களை இருட்டா இருக்கு. கொஞ்சம் யோசிக்கலாம்."

இந்த நாலு மாதத்தில் நான் சொன்ன ஒரே உண்மையான குறை அதுதான். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பரவால்லங்க," என்றாள் என் மனைவி. "எனக்குத்தான் வெளிச்சம் ஆகாதே."

புரோக்கரம்மா ஸ்கூட்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எந்த வாயால் பேசுவது? நான் உண்மையைச் சொன்னால் நம்புவதற்கு அங்கே யாரும் இல்லை. அப்படி ஆக்கி வைத்தவனும் நான்தான்.

புதுவீட்டில் பால் காய்ச்சியபோது பொங்கி வந்த பாலைப் பார்த்துப் புரோக்கரம்மா கை தட்டினார். "இது என்னம்மா பொங்கல்," என்றாள் என் மனைவி. "அன்னைக்கு உங்க சார் பொங்க விட்டாரே, அதைப் பாத்தவ நான்."

வந்து சேர்ந்து சில வாரம் கழித்து ஒரு மாலை, "அந்த வீட்டைக் காட்டுங்க," என்றாள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாலு தெரு நடந்தாள். அவள் நடப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும், எங்கே நடக்கிறோம் என்பதை நினைக்கப் பயமாகவும் இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். ஜன்னல் மேடையில் யாரோ தக்காளியை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஜன்னல் நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, "காலு வலிக்குது, போலாம்," என்று திரும்பினாள். அவ்வளவுதான். இன்று வரை அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் அடுக்களைக்குள் பகலில் எந்த நேரம் நுழைந்தாலும் விளக்கைப் போட்டாக வேண்டும். அந்த ஸ்விட்ச் போடும் சத்தம் ஒவ்வொரு நாளும் என் காதில் விழுகிறது. பழக வேண்டும் என்று நினைக்கிறேன், பழகவில்லை. பழகாமல் இருப்பதே சரி என்றும் தோன்றுகிறது.

ஆனால் இப்போது அந்த விளக்கைப் போடுவது பெரும்பாலும் நான்தான். ஏனென்றால் அவள் வீட்டில் இருப்பதில்லை. சமீபமாகப் புரோக்கரம்மா ஒரு புது முறையைக் கண்டுபிடித்திருக்கிறார். வீடு பார்க்கக் கணவன் மட்டும் தனியாக வந்தால், "அம்மா வரட்டும் சார், அப்புறம் காட்டறேன்," என்று சொல்லிவிடுகிறாராம். வரும் பெண்களோடு உட்கார்ந்து பேச என் மனைவியை ஆட்டோவில் அழைத்துப் போகிறார். எந்த வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்த மாமியாருக்கு எந்த ரூம் ஒத்துவரும் என்றெல்லாம் என் மனைவி சொன்னால் அவர்கள் கேட்கிறார்களாம். மாலையில் வந்து எல்லாக் கதையையும் எனக்குச் சொல்கிறாள். அந்தக் கிளி வீடு இன்னும் விற்கவில்லையாம்.

சற்று முன் போன் செய்தாள். பின்னால் வண்டிச் சத்தமும் புரோக்கரம்மாவின் கன்னடமும் கேட்டன.

"இன்னும் ரெண்டு வீடு இருக்குங்க. வர லேட்டாகும். சாதம் வச்சுடுங்க."

"நானும் வரட்டுமா?" என்றேன்.

"வந்து?"

"சும்மா, கேட் கிட்ட நிக்கறேன்."

போனைப் பொத்திக்கொண்டு அந்த அம்மாவிடம் ஏதோ கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு வேணா வாங்க," என்றாள். "ஹெல்மெட் இருக்காம்."

நான் எழுந்து, அடுக்களை விளக்கைப் போட்டு, அரிசியைக் களையப் போனேன்.